எஸ்க்யூஎல்சி: ஓஆர்எம்-ஐ விட்டுவிட்டு க்வெரியை நாமே எழுதிய 14 மாதங்கள்

கோ மொழியில் வெப் அப்ளிகேஷன் எழுதுகிற யாராவது, டேட்டாபேஸ் பக்கம் எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால் இப்போதெல்லாம் எஸ்க்யூஎல்சி (sqlc) என்று உடனே சொல்லிவிடுகிறேன், நாம் எழுதுகிற எஸ்க்யூஎல் க்வெரியை கோ கோடாக மாற்றித் தருகிற கருவி அது. 14 மாதம் அதை வைத்து ஒரு நிஜமான வேலையை ஓட்டிய பிறகுதான் அப்படிச் சொல்கிறேன். எங்கே கைகொடுத்தது, எங்கே கையை விட்டது, இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வேலை இதுதான். திருப்பூரில் பின்னல் துணியை சாயத்துக்கு அனுப்பி வாங்குகிற ஒரு யூனிட்டுக்கு நானும் நண்பனும் சேர்ந்து செய்து கொடுத்த அப்ளிகேஷன். எந்த டிசியில், அதாவது டெலிவரி சலானில், எத்தனை ரோல், எத்தனை கிலோ போனது, சாயப்பட்டறையிலிருந்து எத்தனை கிலோ திரும்பியது, நடுவில் ப்ராசஸ் லாஸ் எவ்வளவு, பார்ட்டிக்கு பில் எவ்வளவு, இதெல்லாம் அதில் இருக்கும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், மொத்தம் 31 டேபிள். ஆரம்பத்தில் எல்லோரையும் போல ஒரு பிரபலமான ஓஆர்எம் நூலகத்தை (க்வெரியை நமக்குப் பதில் தானே எழுதிக்கொள்வது) வைத்துத்தான் எழுதினோம், டேபிளுக்கு ஒரு ஸ்ட்ரக்ட் (ஃபீல்டுகளைச் சேர்த்து வைக்கிற கோ வகை), அதில் சேவ், அப்டேட் என்று கூப்பிட்டால் போதும், முதல் இரண்டு மாதம் வேகமாகவே போனது.

அப்புறம் ஒரு நாள் அங்கே கணக்கு பார்க்கிற அண்ணா போன் செய்தார். "தம்பி, லாஸ் பர்சன்ட்டுல சைபர் போட்டு சேவ் பண்ணிட்டேனுங்க, திருப்பிப் பார்த்தா அதே எட்டுதான் நிக்குதுங்க" என்றார். சாம்பிள் துணிக்கு லாஸ் கிடையாது என்று பார்ட்டியிடம் பேசி முடித்திருந்தார்கள், அதனால் 8 சதவீதத்தை 0 ஆக்க வேண்டும். திரையில் சேவ் ஆகிவிட்டது என்று வருகிறது, எர்ரர் எதுவும் இல்லை, டேட்டாபேஸில் மட்டும் மாறவில்லை. அரை நாள் தேடிய பிறகு காரணம் கிடைத்தது. கோ மொழியில் ஒரு எண்ணுக்கு மதிப்பு கொடுக்காமல் விட்டாலும் அது 0 தான், வேண்டுமென்றே 0 போட்டாலும் 0 தான். ஸ்ட்ரக்டை அப்படியே அப்டேட்டுக்குக் கொடுத்தால் எது எந்த 0 என்று அந்த நூலகத்துக்குத் தெரிய வழியில்லை, அதனால் 0, வெற்று எழுத்து, ஃபால்ஸ் என்று இருக்கிற ஃபீல்டையெல்லாம் விட்டுவிட்டு மற்றதை மட்டும் அப்டேட் செய்கிறது. இது அதன் கையேட்டிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது, மாற்று வழியும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என்னை உறுத்தியது வேறு. எங்கள் கோடைப் படித்தால் டேட்டாபேஸுக்கு என்ன க்வெரி போகிறது என்று தெரியவில்லை. கிலோவும் ரூபாயும் புழங்குகிற இடத்தில் அது தெரியாமல் வேலை செய்ய எனக்கு மனசு வரவில்லை.

எஸ்க்யூஎல்சி இதைத் தலைகீழாகச் செய்கிறது. ஓஆர்எம்-இல் நாம் கோ எழுதுகிறோம், அது எஸ்க்யூஎல் ஆக்குகிறது. இங்கே நாம் எஸ்க்யூஎல் எழுதுகிறோம், அது கோ ஆக்கித் தருகிறது. டேபிள்களை உருவாக்குகிற ஃபைல் ஒரு பக்கம், க்வெரிகள் இருக்கிற ஃபைல் ஒரு பக்கம், இரண்டையும் ஒரு சின்ன யாமல் ஃபைலில் காட்டிவிட்டால் போதும். ஒவ்வொரு க்வெரிக்கும் மேலே ஒரு கமென்ட் வரியில் அதற்கு ஒரு பெயரும், வரப்போவது ஒரு வரிசையா, பல வரிசைகளா, எதுவுமே திரும்பி வராதா என்பதையும் எழுத வேண்டும். ஜெனரேட் என்று ஒரு கமாண்ட் கொடுத்தால் அந்தப் பெயரிலேயே ஒரு ஃபங்ஷன், அதற்குள் போக வேண்டியவைக்கு ஒரு ஸ்ட்ரக்ட், வெளியே வருவதற்கு ஒரு ஸ்ட்ரக்ட், எல்லாம் சரியான வகையோடு வந்துவிடும். வருகிற கோட், கையால் பொறுமையாக எழுதினால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது, ஓடும்போது வகையைத் தேடுகிற ரிஃப்ளெக்ஷன் மாயமெல்லாம் இல்லை, உட்கார்ந்து படிக்கலாம். 2019-இல் கைல் கான்ராய் வெளியிட்டது இது, எம்ஐடி உரிமத்தில் இலவசம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் மூன்றுக்கும் வேலை செய்கிறது. கோட்லின், பைத்தான், டைப்ஸ்கிரிப்ட் ஆகியவற்றுக்குத் தனி ப்ளக்இன் உண்டு, நான் கோ தவிர வேறு எதிலும் பயன்படுத்தவில்லை.

போஸ்ட்கிரெஸுக்கு இது நன்றாக அமைந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் சர்வருக்குள் இருக்கிற பார்சரையே எடுத்து கோ மொழிக்குக் கொண்டுவந்த நூலகம் ஒன்று உண்டு, அதை வைத்துத்தான் இது க்வெரியைப் படிக்கிறது. அதனால் வித் போட்டு எழுதினாலும் சரி, விண்டோ ஃபங்ஷன் எழுதினாலும் சரி, ஆன் கான்ஃப்ளிக்ட் எழுதினாலும் சரி, புரியவில்லை என்று முறைக்காது. போஸ்ட்கிரெஸ் தருகிற எல்லா வசதியையும் கூச்சமில்லாமல் பயன்படுத்த ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். ஓஆர்எம் இருந்தபோது லாட் வாரியாக பேலன்ஸ் கிலோ எடுக்க மூன்று க்வெரி போட்டு கோ பக்கம் லூப்பில் கூட்டிக்கொண்டிருந்தோம், இப்போது அது 22 வரியில் ஒரே க்வெரி.

இதை நான் நிஜமாகவே நம்ப ஆரம்பித்தது டிசி டேபிளில் ஒரு ஃபீல்டை இரண்டாகப் பிரித்த அன்றைக்கு. எடை என்று ஒன்றாக இருந்ததை அனுப்பிய எடை, வந்த எடை என்று ஆக்கினோம். மைக்ரேஷன், அதாவது டேபிளை மாற்றுகிற ஃபைல், எழுதி ஜெனரேட் கொடுத்தவுடன், அந்தப் பழைய பெயரை வைத்திருந்த 9 க்வெரிகளையும் ஃபைல், வரி எண்ணோடு சொல்லி, இப்படி ஒரு ஃபீல்ட் இல்லை என்று நின்றுவிட்டது. அதைத் திருத்தினால் அடுத்து கோ கம்பைலர், இந்த ஸ்ட்ரக்டில் இது இல்லை என்று மீதி இடங்களைக் காட்டுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, லைவில் ஒரு எர்ரர்கூட வரவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், செலக்ட் ஸ்டார் என்று சோம்பேறித்தனமாக எழுதினாலும் ஜெனரேட் ஆகிற கோடில் அதை விரித்து ஒவ்வொரு ஃபீல்டின் பெயரையும் எழுதிவிடுகிறது. நாளைக்கு டேபிளில் ஒரு ஃபீல்ட் கூடினாலும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய பைனரி அதனால் உடையாது. இதை யோசித்துச் செய்தவர்கள் நிஜ வேலையில் அடிபட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, அமைப்பது எப்படி? ஒரு மணி நேரத்தில் ஓடவைத்துவிடலாம், ஆனால் மனசுக்குப் பிடித்த மாதிரி ஆக ஒரு வாரம் ஆகும். காரணம் வகைகள். நியூமெரிக் என்று வைத்த ஃபீல்ட், கோ மொழியிலேயே இருக்கிற சாதாரண டேட்டாபேஸ் பேக்கேஜோடு போனால் ஸ்ட்ரிங்காக வருகிறது, போஸ்ட்கிரெஸுக்கான பிஜிஎக்ஸ் டிரைவர் வைத்தால் அதற்கென்று ஒரு தனி வகை. இரண்டையும் வைத்துக் கூட்டிக் கழிப்பது சிரமம். யாமல் ஃபைலில் ஓவர்ரைடு எழுதி டெசிமல் வகைக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி. நல் (null, மதிப்பே இல்லை என்பது) வரக்கூடிய ஃபீல்டும் அப்படித்தான், முதலில் அதற்கென்று தனி ஸ்ட்ரக்ட் வரும், ஜேசன் ஆக்கி வெளியே அனுப்பும்போது சங்கடம், பிஜிஎக்ஸ் வைத்திருந்தால் அதையெல்லாம் பாயின்டராக மாற்றித் தருகிற ஒரு அமைப்பு உண்டு, போட்டுவிடுங்கள். பல வரிசைகள் கேட்கிற க்வெரியில் ஒன்றுமே கிடைக்காவிட்டால் வெறும் பட்டியல் வராமல் நல் வரும், அது ஜேசனில் நல் ஆகி, திரைப்பக்கம் எழுதுகிறவர் அதன் மேல் லூப் ஓட்டினால் பக்கம் விழுந்துவிடும். அதற்கும் எம்ப்டி ஸ்லைஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இவையெல்லாம் ஆரம்பத்திலேயே இயல்பாக ஆன் ஆகியிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மைக்ரேஷனை இது ஓட்டாது. கூஸ், டிபிமேட், கோலாங்-மைக்ரேட் மாதிரி ஒன்றை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அவற்றின் ஃபைல்களை நேரடியாகப் படித்து, பின்னோக்கிப் போகிற பகுதியை விட்டுவிட்டு, டேபிள் இப்போது எப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை, ஃபைல்களை அகரவரிசையில்தான் படிக்கும். 9, 10 என்று பெயர் வைத்திருந்தால் 10 முதலில் வரும், முன்னால் சைபர் சேர்த்து வையுங்கள்.

இப்போது குறை. பெரிய குறை ஒன்றுதான், ஆனால் அது நிஜமாகவே பெரியது: ஓடும்போது உருவம் மாறுகிற க்வெரி இதில் வராது. டிசி தேடுகிற திரையில் பார்ட்டி, தேதி, கலர், லாட் எண், நிலை என்று ஐந்து ஃபில்டர், எதை வேண்டுமானாலும் காலியாக விடலாம், எந்தத் தலைப்பைத் தட்டினாலும் அதன்படி வரிசை மாற வேண்டும். எஸ்க்யூஎல்சி-யில் ஒவ்வொரு க்வெரியும் முன்கூட்டியே முழுதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். காலியாக இருக்கலாம் என்று குறிக்கிற நார்க் வைத்து, மதிப்பு நல் ஆக இருந்தால் நிபந்தனையை விடு என்று எழுதலாம், நான்கு ஃபில்டர் வரைக்கும் அது தாங்குகிறது. வரிசைப்படுத்துவதற்கு கேஸ் வென் போட்டு எழுதினால் படிக்கவே முடியாத ஒன்று கிடைக்கும், இன்டெக்ஸும் சரியாகப் பயன்படாது. மூன்று வாரம் அதோடு போராடிவிட்டு, அந்த மாதிரித் திரைகள் நான்குக்கு மட்டும் ஸ்குவிரல் என்கிற க்வெரி பில்டரை வைத்துத் தனியாக எழுதிவிட்டோம். இரண்டும் ஒரே கனெக்ஷன், ஒரே ட்ரான்ஸாக்ஷனைப் பகிர்ந்துகொள்வதில் சிக்கல் இல்லை, ஜெனரேட் ஆன கோடில் வித்டிஎக்ஸ் என்று ஒரு மெத்தட் அதற்கென்றே இருக்கிறது. இதை முதல் வாரமே செய்திருக்கலாம். உங்கள் அப்ளிகேஷனில் பாதித் திரை இப்படித்தான் என்றால் எஸ்க்யூஎல்சி வேண்டாம்.

அடுத்தது, வருவதெல்லாம் தட்டையாக வரும். ஒரு டிசிக்குள் பத்து ரோல் என்றால், டிசி ஸ்ட்ரக்டுக்குள் ரோல் பட்டியல் என்று அழகாக அடுக்கித் தராது, ஜாயின் போட்டால் பத்து வரிசை வரும், டிசி விவரம் பத்து முறை திரும்பும். இரண்டு க்வெரியாகப் போட்டு நாமே சேர்க்கலாம், அல்லது போஸ்ட்கிரெஸ் பக்கமே ஜேசனாகத் திரட்டி வாங்கலாம். ஒரு டேபிளை அப்படியே ஸ்ட்ரக்டாக உள்ளே வைக்கிற எம்பெட் வசதி உண்டு, நல்ல வசதி, ஆனால் லெஃப்ட் ஜாயினில் வலது பக்கம் ஒன்றும் இல்லாவிட்டால் ஓடும்போது ஸ்கேன் எர்ரர் வரும். ஜெனரேட் ஆகும்போது எல்லாம் பிடிபட்டுவிடும் என்ற நம்பிக்கையில் இருப்பவர்களை இது கவிழ்க்கும், லெஃப்ட் ஜாயினோடு எம்பெட் போடாதீர்கள். அப்புறம் சில கணக்குகளில் வகையைக் கண்டுபிடிக்க முடியாமல் காலம்1 (Column1) என்று ஒரு பெயரும் இன்டர்ஃபேஸ் என்று ஒரு வகையும் கொடுத்துவிடும், க்வெரியிலேயே காஸ்ட் போட்டு, ஒரு பெயரும் கொடுத்தால் சரியாகிவிடும். போஸ்ட்கிரெஸ் இணைப்பையும் யாமலில் கொடுத்துவிட்டால், சர்வரிடமே கேட்டு வகையைத் தெரிந்துகொள்கிறது, அதற்குப் பிறகு இந்தத் தொல்லை எங்களுக்குப் பெரும்பாலும் குறைந்தது.

ஏஐ உதவியோடு கோட் எழுதுபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்தக் கருவிகள் எஸ்க்யூஎல் நன்றாகவே எழுதுகின்றன, ஆனால் நம் டேபிளில் இல்லாத ஃபீல்டை இருப்பதாக நினைத்து எழுதிவிடும். ஜெனரேட் கொடுத்தால் அந்த நொடியே பிடிபடுகிறது. பிடிபடாததும் உண்டு. டிசி டேபிளை ரோல் டேபிளோடும் வரவு டேபிளோடும் ஒரே க்வெரியில் ஜாயின் போட்டு கிலோவைக் கூட்டச் சொல்லி ஒருமுறை வாங்கினேன், வகையெல்லாம் சரி, கம்பைல் ஆனது, கூட்டுத்தொகை மட்டும் மூன்று மடங்கு வந்தது. ஒவ்வொரு ரோலுக்கும் ஒவ்வொரு வரவு வரிசையும் பெருகியதுதான் காரணம். தொகை வருகிற க்வெரிகளுக்கு நிஜ போஸ்ட்கிரெஸில் டெஸ்ட் எழுதுவதை இந்தக் கருவி எந்த விதத்திலும் மிச்சப்படுத்தாது, தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

ஜெனரேட் ஆன கோடை கிட்டில் சேர்க்கலாமா என்று நண்பனும் நானும் ரொம்ப நாள் விவாதித்தோம். இப்போது சேர்க்கிறோம், க்வெரி மாறும்போது கோ பக்கம் என்ன மாறியது என்பது ரிவ்யூவில் கண்ணுக்குத் தெரிகிறது. யாராவது க்வெரியை மாற்றிவிட்டு ஜெனரேட் கொடுக்க மறந்தால் டிஃப் என்கிற கமாண்ட், கோடைத் தானாகச் சோதிக்கிற சிஐ-யில் அதைப் பிடித்து நிறுத்திவிடும். வெட் என்று இன்னொரு கமாண்ட் இருக்கிறது, நாமே விதி எழுதி வைக்கலாம், வேர் (where) நிபந்தனை இல்லாத டெலீட்டைத் தடுக்க ஒரு விதி வைத்திருக்கிறோம்.

எஸ்க்யூஎல் எழுதவே தயங்குகிற குழுவுக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டேன், அவர்களுக்கு டேபிள் அமைப்பையே கோ மொழியில் எழுதவைக்கிற என்ட் (ent) பொருந்தலாம். ஜாவாவில் இருப்பவர்கள் ஜூக் (jOOQ) நூலகத்தைப் பாருங்கள், டேட்டாபேஸிலிருந்து கோட் எடுப்பது அங்கேயும் உண்டு, கூடவே மாறுகிற க்வெரியை வகையோடு கட்டவும் வழி இருக்கிறது. கோவும் போஸ்ட்கிரெஸும் வைத்து, கணக்கு தப்பக்கூடாத ஒன்றை இரண்டு மூன்று பேராக எழுதுகிறீர்கள் என்றால் இந்த வார இறுதியிலேயே ஒரு டேபிளுக்கு மட்டும் இதைப் போட்டுப் பாருங்கள். பழைய ஓஆர்எம்-ஐ உடனே தூக்க வேண்டியதில்லை, எங்களிடம் இரண்டும் ஐந்து மாதம் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.