டாக்டரா, மேனேஜரா, சிஸ்டரா: எங்கள் அறக்கட்டளையின் காலி இடத்துக்கு யாரை எடுத்தோம்

போன ஆடி மாதம் எங்கள் அறங்காவலர் குழுவில் ஓர் இடம் காலியானது. ஆறு வருடம் அந்த இடத்தில் இருந்த டாக்டர், மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். எங்களுடையது ஏழு பேர் கொண்ட சின்னக் குழு. உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் என்று இந்தக் கடலோரத்தில் குழந்தைகளுக்குக் கிடைக்கும் வைத்தியம் தரமாக இருக்கிறதா என்று பார்ப்போம். குறை தெரிந்தால் ஆஸ்பத்திரிக்காரர்களோடு உட்கார்ந்து பேசிச் சரிசெய்யப் பார்ப்போம். நாங்கள் ஆஸ்பத்திரி நடத்தவில்லை, மருந்தும் கொடுப்பதில்லை. யாரைக் குழுவில் வைப்பது என்பதற்கு இதுதான் அடிப்படை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான்கு பெயர்கள் வந்தன. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், வருவாய்த் துறையில் இருந்து ஓய்வுபெற்ற அதிகாரி, இன்னொரு குழந்தை மருத்துவர், பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிஸ்டர். கடைசி நேரத்தில் பாம்பனைச் சேர்ந்த ஒரு தாயின் பெயரும் வந்தது. நான் சிஸ்டருக்குக் கை தூக்கினேன், அவரைத்தான் எடுத்தோம். ஒன்பது மாதம் ஆகிறது. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். இதே மாதிரி முடிவெடுக்க வேண்டிய வேறு குழுக்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

மேனேஜர் சாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரவு செலவு சுத்தமாக இருக்கும், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வார், நன்கொடை தருகிறவர்களுக்கும் நம்பிக்கை வரும். ஆனால் இதெல்லாம் ஒரு நல்ல ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுத்தால் கிடைக்கிற சேவை. எங்கள் குழுவில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்த ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். கணக்குத் தெரிந்த ஒருத்தரும் இல்லாத குழு என்றால், முதலில் மேனேஜரை எடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

அதிகாரி வந்தால் கலெக்டர் ஆபீஸ் கதவு திறக்கும். எங்கள் மாவட்டத்துக்கு அது சின்ன விஷயமில்லை. முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று மத்திய அரசு 2018-இல் தொடங்கிய திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டே மாவட்டங்கள்தான் உண்டு, ஒன்று இராமநாதபுரம், மற்றது விருதுநகர். அதனால் சுகாதாரம், ஊட்டச்சத்து பற்றிய புள்ளிவிவரம் மாதாமாதம் மேலே போகிறது. அந்த எண்கள் எப்படித் தயாராகின்றன என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் இரண்டு மூன்று வருடத்தில் இடமாற்றலாகிப் போய்விடுவார்கள். அறங்காவலர் இடத்தை அதை விட நீண்ட காலத்துக்குக் கணக்குப் பண்ண வேண்டும்.

ஆக, போட்டி டாக்டருக்கும் சிஸ்டருக்கும்தான்.

டாக்டர் பக்கம் பலமான நியாயம் இருக்கிறது. மருத்துவத் தரத்தை மேம்படுத்துவது என்பதை ஒரு தனித் துறையாக உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் டான் பெர்விக், அவர் குழந்தை மருத்துவர். 1991-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் இயங்குகிறது. குழந்தைகளுக்கென்றே அப்படி ஒரு நிறுவனத்தை 1999-இல் அதே பாஸ்டனில் தொடங்கி நடத்திய சார்ல்ஸ் ஹோமரும் குழந்தை மருத்துவர்தான். எங்கள் பழைய டாக்டரும் நிறையச் செய்தார். அவர் போன் பண்ணினால் டீன் எடுப்பார். 2022 ஜனவரியில் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபோது, புதிதாக வந்த டாக்டர்களில் பலரிடம் எங்களை அறிமுகப்படுத்தியவர் அவர்தான்.

ஆனாலும் அவரோடு வார்டுக்குப் போன ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அவர் உள்ளே நுழைந்தால் வார்டே எழுந்து நிற்கும். விரிப்பு மாற்றியிருக்கும், ரிஜிஸ்டர் எல்லாம் மேஜை மேல் அடுக்கியிருக்கும். அவர் கேட்பார், எல்லாரும் "சரியா இருக்கு சார்" என்பார்கள். அவர் நல்லவர், யாரையும் அதட்டியவர் கிடையாது. இருந்தாலும் பதில் அப்படித்தான் வரும்.

அரசு மருத்துவமனைகளுக்குத் தேசியத் தரச் சான்று என்று ஒன்று உண்டு. குழந்தைகள் பிரிவுகளுக்காக அதன் கீழ் 2021-இல் 'முஸ்கான்' என்று தனித் திட்டமே வந்தது. அந்த மதிப்பீட்டில் எதையும் நான்கு வழியில் சரிபார்க்கச் சொல்கிறார்கள்: நேரில் பார்ப்பது, பணியாளர்களிடம் கேட்பது, பதிவேட்டைப் பார்ப்பது, நோயாளியிடமோ வீட்டாரிடமோ கேட்பது. எங்களுக்கு வந்த பெயர்களை இந்த நான்கோடு ஒட்டிப் பார்த்தேன். மேனேஜர் பதிவேட்டைப் பார்ப்பார். அதிகாரி பதிவேட்டையும் பார்ப்பார், பணியாளரையும் கேட்பார், ஆனால் கேட்கும் தொனியிலேயே அவர்கள் பயந்துவிடுவார்கள். டாக்டர் எல்லாவற்றையும் பார்ப்பார், ஆனால் மற்றவர்கள் அவருக்குக் காட்டுகிறதைத்தான் பார்ப்பார். தான் அங்கே இருப்பதையே மற்றவர்கள் மறந்துவிடும்படி இந்த நான்கையும் செய்யக்கூடியவர் யார் என்ற கேள்விதான் என் வாக்கை முடிவு செய்தது.

சிஸ்டரை முதலில் சிறப்பு அழைப்பாளராக ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தோம். அன்று வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு என்ன கொடுத்தார்கள் என்ற படிவங்கள் வந்திருந்தன. ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) கொடுக்கப்பட்டதா, ஆம். ஜிங்க் மாத்திரை கொடுக்கப்பட்டதா, ஆம். வரிசையாக டிக். எல்லாருக்கும் திருப்தி. அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தப் பாத்திரத்துல கலக்குறாங்கன்னு யாராச்சும் பார்த்தீங்களா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார். நான் பார்த்ததில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், இந்தக் குழுவிலும் எட்டு வருடமாக இருக்கிறேன், பார்த்ததில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேரும் பாம்பனில் ஒரு வீட்டுக்குப் போனோம். ஒன்றரை வயதுக் குழந்தை, வயிற்றுப்போக்கு நின்று நான்கு நாள் ஆகியிருந்தது. சிஸ்டர் திண்ணையில் உட்கார்ந்து மீன் விலை, மாமியார் முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்து, அப்புறம் மெதுவாக, "எதுல கலக்கிக் கொடுத்த, எடுத்துட்டு வா பாப்போம்" என்றார். அந்தப் பெண் ஒரு சில்வர் செம்பை எடுத்து வந்தாள். "இதுல ஒரு பாக்கெட் முழுசாப் போட்டேன் நர்சம்மா." சிஸ்டர் பையிலிருந்து லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, செம்பில் ஊற்றினார். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே செம்பு நிரம்பி வழிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பது ஒரு லிட்டருக்கான பாக்கெட். குறைந்த தண்ணீரில் கலந்தால் உப்பு கூடிப்போகும், குழந்தைக்குத் தாகம் அதிகமாகும், நிலைமை மோசமாகவும் ஆகலாம். இந்தக் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு, கிணற்றுத் தண்ணீரே பல இடத்தில் உவர்ப்பு. சிஸ்டர் அதையும் கேட்டார். "இல்ல நர்சம்மா, குடத்துத் தண்ணி விலைக்கு வாங்குறோம்ல, அதுலதான்" என்றாள் அந்தப் பெண். நல்லவேளை. அதே தெருவில் அடுத்த வீட்டில் நேர் எதிரான தப்பு. அவர்கள் கடையில் வாங்கியது 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட், கலந்ததோ ஒரு லிட்டர் பாட்டிலில். உப்புச் சத்து போதவே போதாது. இரண்டு வீட்டுப் படிவத்திலும் "ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டது: ஆம்" என்றுதான் இருந்தது. பொய்யும் இல்லை.

ஜிங்க் கதையும் அப்படித்தான். 14 நாள் கொடுக்க வேண்டிய மாத்திரை. சிஸ்டர் அட்டையைக் கேட்டு வாங்கி எண்ணினார். வயிற்றுப்போக்கு நின்றதும் இவர்களும் நிறுத்திவிட்டார்கள். "போயிருச்சுல்ல, அப்புறம் எதுக்கு?" என்ற கேள்வி அந்தப் பெண்ணுக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கிறது, பதில் சொல்ல ஆள் இருந்ததில்லை.

இப்போது எங்கள் படிவத்தில் டிக் போடும் கட்டத்துக்குப் பதிலாக இரண்டு கேள்விகள்: எந்தப் பாத்திரம், அட்டையில் மீதி எத்தனை. கிராம சுகாதார செவிலியர்களிடம் பேசி, பொடி கொடுக்கும்போது காலி லிட்டர் பாட்டில் ஒன்றையும் காட்டிச் சொல்லும்படி கேட்டிருக்கிறோம். இதைக் கோயம்புத்தூர் டாக்டரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லிட்டர்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன் டீச்சர், செம்பைக் கேட்டதில்ல" என்றார்.

இன்னொன்று மேல்சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டு. இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் நூறுக்கு மேல். மூச்சுத்திணறும் பச்சிளங்குழந்தைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எத்தனை மணிக்குச் சேர்ந்தார்கள் என்பதுதான் உயிர். ஒரு இடத்தில் பழைய சீட்டுகளைப் பார்க்கக் கொடுத்தார்கள். நேரமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நான் நினைத்தேன். சிஸ்டர் வெளியே வந்ததும் சொன்னார்: "ரெண்டு நேரமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. எல்லாம் முடிஞ்ச பிறகு உட்கார்ந்து எழுதினது. நானும் நைட் டூட்டியில அப்படி எழுதியிருக்கேன் டீச்சர். இருபது குழந்தைக்கு ரெண்டு பேர் இருந்தா எப்ப எழுதுறது?" இதை அவர் யாரையும் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. மறுமுறை போனபோது அங்கிருந்த இளம் நர்ஸ்களிடம் தன் பழைய கதையைச் சொன்னார். அவர்கள் அன்று பேசியது மாதிரி எட்டு வருடத்தில் எங்களிடம் யாரும் பேசியதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய அதிகாரிகளைப் பார்க்கப் போனால் சிஸ்டரை வெளியே பெஞ்சில் காக்க வைக்கிறார்கள், ஒருமுறை முக்கால் மணி நேரம். டாக்டர் என்றால் இது நடக்காது. நிதி பற்றிய பேச்சு வந்தால் அவர் வாய் திறப்பதில்லை. ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுத வேறு ஆள் வேண்டும். இன்னொரு ஆபத்தையும் உணர்கிறேன்: குறையைக் கண்டால் கூட்டத்துக்குக் கொண்டுவராமல் தானே போய்ச் சரிசெய்துவிடுகிறார். அறங்காவலரின் வேலை வேறு, களப்பணி வேறு என்று இரண்டு முறை பேசியிருக்கிறோம். பணியில் இருக்கிற நர்ஸாக இருந்திருந்தால் இத்தனை வெளிப்படையாகப் பேச முடிந்திருக்காது, ஓய்வுபெற்றவர் என்பது இதில் முக்கியம். இதெல்லாம் ஒரே ஒரு சிஸ்டரோடு ஒன்பது மாத அனுபவம், அவரவர் குணத்துக்கும் இதில் பங்குண்டு. டாக்டரையும் நாங்கள் விட்டுவிடவில்லை. பெயர் வந்த குழந்தை மருத்துவர் ஆலோசகராக இருக்கச் சம்மதித்தார், மருத்துவம் பற்றிய எந்தத் தீர்மானமும் அவர் பார்த்த பிறகுதான் மினிட் புத்தகத்தில் ஏறுகிறது. டாக்டரே அருகில் இல்லாமல் இப்படி ஒரு குழுவை நடத்தச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்தத் தாய். அவரைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. மனசு மட்டும் அந்தப் பக்கம் இழுக்கிறது. 2001-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், பெயர்பெற்ற ஒரு மருத்துவமனையில் ஜோசி கிங் என்ற 18 மாதக் குழந்தை இறந்தது. உடம்பில் நீர் வற்றியதும் தவறாகக் கொடுத்த வலி மருந்தும் காரணம். குழந்தைக்குத் தாகம் எடுக்கிறது என்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் தாய் சாரல் கிங். அவர் மருத்துவம் படித்தவர் இல்லை. பிறகு நோயாளிப் பாதுகாப்புக்காக மகள் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அவ்வளவு தூரம் போக வேண்டாம், பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, கடல்பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டிய தலைமைக்காக, தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருதை 2015-இல் பெற்றவர். தலைமைப் பண்பு இந்தக் கரையில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதே இல்லை.

நடைமுறைதான் கஷ்டம். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு மற்ற நாட்கள் என்று கடலுக்குப் போகிற ஊரில், எந்த நாள் கூட்டம் வைத்தாலும் யாரோ ஒருவருக்கு வேலை நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஆள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் கையில் பஸ்ஸுக்குக் காசு இருக்காது. அதனால் அவரை இப்போதைக்குச் சிறப்பு அழைப்பாளராக வைத்து, பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் கொடுப்பதென்று தீர்மானம் போட்டோம். இதுவரை இரண்டு கூட்டத்துக்கு வந்திருக்கிறார். முதல் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் அந்த மேல்சிகிச்சைச் சீட்டில் நேரத்தை எப்படிச் சரியாக எழுத வைப்பது என்று அரை மணி நேரம் விவாதித்தோம். மாதிரிச் சீட்டு ஒன்று கைமாறிக் கைமாறி அவரிடம் போனது. முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எம்புள்ளைய மதுரைக்கு அனுப்புனப்ப இதத்தான் கையில குடுத்தாக. புள்ளைக்கு என்னன்னு இதுல எழுதியிருக்குமா சிஸ்டர்? அத யாராச்சும் எங்களுக்குப் படிச்சுச் சொல்லலாம்ல?" என்று கேட்டார். எங்களில் ஒருவரும் அதை யோசித்ததில்லை, சிஸ்டரும்கூட. சிஸ்டர் தன் நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.