நரம்பா, ஹார்மோனா?

உடலுக்குள் செய்தி போக இரண்டு வழிகள். நரம்பு மண்டலம் தொலைபேசி மாதிரி, குறிப்பிட்ட தசைக்கு நேரடி இணைப்பு. வேகமான நரம்பிழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரைகூடப் பாயும். சூடான பாத்திரத்தைத் தொட்டால், வலி உறைக்கும் முன்பே கை விலகிவிடும். அந்த உத்தரவைப் போடுவது மூளைகூட இல்லை, தண்டுவடம்தான்!

நாளமில்லாச் சுரப்பிகள் வேறு ரகம். ஹார்மோன் என்ற வேதிப்பொருளை ரத்தத்தில் கலந்துவிடும். அது உடல் முழுக்கச் சுற்றினாலும், அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி (receptor) உள்ள செல்கள் மட்டுமே செவிசாய்க்கும். மெதுவான வழிதான், ஆனால் விளைவு நீடிக்கும். வளர்ச்சி, பருவமடைதல் போன்ற ஆண்டுக்கணக்கான வேலைகளுக்கு நரம்பு சரிப்படாது.

சரி, இரண்டும் சேர்ந்தால்? பயந்ததும் நரம்பு தூண்ட, சுரப்பி அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டும். துரத்திய நாய் போன பிறகும் நெஞ்சு படபடப்பது அதனால்தான்.