லேன் ஐசி போயிருச்சு என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

சேலத்தில் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 7,000 ரூபாய் தண்டம் அழுதுவிட்டு எழுதுகிறேன்.

வீடு அம்மாபேட்டை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நாலைந்து கொலுசுப் பட்டறைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது, என் மேஜை மாடியில். வைஃபை அவ்வளவு தூரம் ஏறாது. அதனால் ஜன்னல் வழியாக ஒரு கேபிள் இழுத்து லேப்டாப்பில் செருகியிருந்தேன். மூன்று வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை.

மே மாதம் 16ஆம் தேதி சாயங்காலம் ஏற்காட்டு மலை கறுத்துக்கொண்டு வந்து, இடியும் காற்றுமாக ஒரே மழை. மாடிக்கு ஓடி ஜன்னல் கதவுகளை அடித்துச் சாத்தினேன். மறுநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் ‘நெட்வொர்க் கேபிள் அன்பிளக்டு’ என்கிறது. கழற்றி மாட்டினேன், ரீஸ்டார்ட் செய்தேன், ஊதிக்கூடப் பார்த்தேன். 20ஆம் தேதிக்குள் எல்லாருக்கும் 3பி (மாதா மாதம் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட வேண்டும். கீழே வைஃபையில் உட்கார்ந்து செய்திருக்கலாம்தான். அங்கே அம்மாவின் சீரியல் சத்தத்தில் கூட்டல்கூட வராது.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். உள்ளே கொண்டுபோன பையன் ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்தான். “நேத்து இடி இடிச்சுதுங்களாக்கா? லேன் ஐசி போயிருச்சுங்க. போர்டுல சிப் மாத்தணும்.”

லேன் ஐசி என்றால் நெட் கேபிள் இணைப்பைக் கவனிக்கிற சிப். நம்பிவிட்டேன். ஏனென்றால் இடி மின்னலில் லேன் போர்ட், அதாவது கேபிள் செருகும் இடம், போவது நிஜமாகவே நடக்கிற விஷயம். நீளமாக இழுத்த கேபிளில் மின்சாரம் பாய்ந்து இரண்டு முனையையும் சாகடித்துவிடும். அந்த உண்மையை வைத்தே என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள். எந்தக் கேபிள், எங்கே போகிறது, வைஃபை வருகிறதா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் கடையில் அவர்கள் கேபிளைச் செருகிக் காட்டினார்கள், நெட் வந்தது. ஜிபேயில் 4,800 கொடுத்தேன். வீட்டு மாடியில் மாட்டினால் பழைய குருடி கதவைத் திறடி. போன் போட்டேன். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து, சின்னக் கேபிளில் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். ‘அன்பிளக்டு’ போய்விட்டது, ஆனால் நெட் வரவில்லை. “அப்ப ரவுட்டரும் அடி வாங்கிருக்குங்க.” 19ஆம் தேதி அவர்களிடமே 2,200க்கு ரவுட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று ராத்திரி பெரியம்மா பையன் வந்தான். ஏற்காட்டில் லாட்ஜ்களுக்கு நெட் லைன் பார்க்கிறவன், சாமான் வாங்க இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருந்தான். சாப்பிடுவதற்கு முன்பே லேப்டாப்பைத் தூக்கினான். திரையை அவன் பார்க்கவில்லை. கேபிள் செருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு விளக்கு இருக்கிறது, அதைத்தான் பார்த்தான்.

“கீழ எரியுது, மேல எரியலை. அப்ப மேல வர்ற கேபிள்தான்க்கா.”

கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனான். ஜன்னல் மூலையில் கை நின்றது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கேபிள் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. மேல் தோலை நகத்தால் பிளந்தான். உள்ளே எட்டுக் கம்பி, அதில் ஆரஞ்சு ஜோடி துண்டாகி, செம்பு முனை பளபளவென்று தெரிந்தது. எங்கள் வீட்டு வயரிங்கில் ஆரஞ்சு, பச்சை இரண்டு ஜோடியும் உயிரோடு இருந்தால்தான் லைன் எழும்புமாம். மழைக்கு நான் சாத்திய ஜன்னல்தான்!

சரி, கீழே ஏன் நெட் வரவில்லை? லேப்டாப்பில் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடித்தான். நெட்வொர்க்கில் லேப்டாப்புக்கு இருக்கிற அட்ரஸ் எண்ணை அது காட்டும். ஈதர்நெட்டுக்கு, அதாவது கேபிள் இணைப்புக்கு, நேராக 192.168.10.45. எங்கள் ரவுட்டர் கொடுப்பதெல்லாம் 192.168.1 என்று தொடங்கும். “அக்கா, இது யார் வீட்டு அட்ரஸ்?” அந்தக் கடை அட்ரஸ்தான். டெஸ்ட் பண்ண அவர்கள் நெட்வொர்க் எண்ணை நிரந்தரமாக எழுதிவிட்டு, அழிக்காமல் கொடுத்திருக்கிறார்கள். வைஃபைக்குத் தனி அட்ரஸ் என்பதால் அது மட்டும் ஒழுங்காக ஓடியது. (169.254 என்று தொடங்கினால் அது வேறு கதை: ரவுட்டரிடமிருந்து அட்ரஸே வந்து சேரவில்லை என்று அர்த்தமாம்.) ஐபிவி4 செட்டிங்கில் அட்ரஸைத் தானாக வாங்கிக்கொள்ளும்படி மாற்றினான். பழைய ரவுட்டரிலேயே நெட் வந்துவிட்டது.

அப்புறம் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தான். பின்பக்கம் ஒரு ஸ்குரூ மேல், பிரித்தால் வாரண்டி கிடையாது என்று கம்பெனி ஒட்டிய வட்ட ஸ்டிக்கர். மூன்று வருஷ அழுக்கு ஓரத்தில் கோடு கட்டியிருக்க, ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. அந்த ஸ்குரூவைக் கழற்றாமல் போர்டைத் தொட முடியாது. சிப் மாற்றினார்களாம் சிப்!

3பி வேலையை முடித்துவிட்டு 21ஆம் தேதி இரண்டு பேரும் கடைக்குப் போனோம். ஓனர் ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பில் இருக்குங்களாக்கா?” என்றார்.

அங்கேதான் என் வாய் அடைத்துப்போனது. மாதா மாதம் பட்டறைக்காரர்களை “பில் எங்கே, ஜிஎஸ்டி நம்பர் எங்கே” என்று பிய்த்து எடுக்கிறவள் நான். என் கையில் இருந்தது, ‘லேன் 4800’ என்று கிறுக்கிய துண்டுச் சீட்டு. கடைப் பெயர்கூட அதில் இல்லை.

ஜிபே ரசீது, ஸ்டிக்கர் போட்டோ, ஐபி எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் புகார்க் கட்டணம் இல்லை. புதுக் கேபிளும் இரண்டு பிளக்கும் 600 ரூபாய்க்குள் முடிந்தது, இந்தத் தடவை சுவரில் ஓட்டை போட்டு இழுத்தாகிவிட்டது. ரவுட்டர் டப்பா பிரிக்காமல் பீரோ மேல் கிடக்கிறது. அதற்கும் பில் இல்லை.