பின்பக்க ஸ்டிக்கரை உரித்துப் பார்க்காமல் ரிசீவர் வாங்காதீர்கள்

கொழும்பில் வீட்டுத் திரையரங்குக்கு ரிசீவர், அதாவது எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ஒலிக்கருவி, வாங்கப் புறப்படுகிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும் என்று இதை எழுதுகிறேன். 100 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் பழைய ஜப்பானியக் கருவியைப் புதியது என்று சொல்லி, புறக்கோட்டையில் ஒரு கடை என்னிடம் 285,000 ரூபாய்க்கு விற்றது. பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். அதை அவர்கள் என் வீட்டில் பொருத்திவிட்டுப் போன விதம் உயிருக்கே ஆபத்தானது.

அப்பாவுக்கு 76 வயது. இரண்டு வருடங்களாகக் காது மந்தம். படம் பார்த்தால் இசை மட்டும் இரைகிறது, பேச்சு விளங்கவில்லை என்று பாதியிலேயே எழுந்து போய்விடுவார். எங்களிடம் இருந்தது ஒரே பெட்டியில் வந்த பழைய 5.1 செட், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபரும். படங்களில் பேச்சின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அந்தச் செட்டில் அதை மட்டும் தனியாகக் கூட்ட வழியில்லை. நல்ல ரிசீவர் இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் டெசிபல் என்ற ஒலி அளவில் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம். இதற்காகவே ஒரு வருடம் பணம் சேர்த்தேன்.

"அண்ணா, இது புத்தம் புதுச் சாமான். ஒரு வருட கம்பனி உத்தரவாதம் இருக்கிறது. நாங்களே வீட்டுக்கு வந்து பூட்டித் தருகிறோம்" என்றார் கடைக்காரர். வாட்ஸ்அப்பிலும் அப்படியே எழுதி அனுப்பினார். சனிக்கிழமை இரண்டு இளைஞர்கள் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். கருவியைப் பெட்டி இல்லாமல் கொண்டு வந்தார்கள். கேட்டதற்கு, ஸ்டோரிலேயே திறந்து சோதித்துவிட்டோம் என்றார்கள். அந்த இடத்திலேயே நான் அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அலுமாரிக்குப் பின்னால் செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டியையும் வைத்தார்கள். கரண்ட் ஏறி இறங்கினால் கருவியைக் காப்பாற்றும், காசு வேண்டாம் என்றார்கள். நன்றி சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அன்றிரவு நடு ஸ்பீக்கரை நான்கு டெசிபல் கூட்டி வைத்தேன். அப்பா ஒரு படத்தை முழுதாகப் பார்த்தார். இடையில் என் பக்கம் திரும்பி, "இப்போது ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது" என்றார். அந்த மகிழ்ச்சியை மூன்று வாரங்களில் பறித்தார்கள் என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதல் சந்தேகம் வானொலியில் வந்தது. அப்பாவுக்குக் காலையில் சூரியன் அல்லது சக்தி வானொலி வேண்டும். ரிசீவரில் எப்.எம். தேடினால் எண் 95இல் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் போக மறுக்கிறது. ஏரியலில்தான் கோளாறு என்று நினைத்து மாற்றிப் பார்த்தேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. ஜப்பானில் எப்.எம். அலைவரிசை 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரை. நமது நாட்டில் 108 வரை போகிறது. சூரியனும் சக்தியும் 100க்கு மேலேதான் இருக்கின்றன. ஜப்பான் நாட்டுக்குள் விற்கச் செய்த கருவிக்கு அவை எட்டாது.

அடுத்து, சத்தம் கூடிய காட்சிகளில் ரிசீவர் தானாக அணைந்தது. ஒருநாள் அலுமாரியை இழுத்து அந்தக் கறுப்புப் பெட்டியைத் தொட்டேன். கை சுட்டது. திருப்பிப் பார்த்தால், உள்ளே 230 வோல்ட், வெளியே 100 வோல்ட், 300 வி.ஏ. (அது தாங்கும் மின்சுமையின் அளவு) என்று எழுதியிருந்தது. அவர்கள் சொன்னதுபோல் கரண்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் அல்ல, மின் அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர். ரிசீவரின் பின்பக்கத்தில் கடையின் உத்தரவாத ஸ்டிக்கர் ஒன்று பெரிதாக ஒட்டியிருந்தது. அதை நகத்தால் உரித்தேன். அடியில் ஜப்பானிய எழுத்துகளோடு 100 வோல்ட், 430 வொட்ஸ். 430 வொட்ஸ் இழுக்கக்கூடிய கருவியை 300 வி.ஏ. பெட்டியில் கொழுவியிருக்கிறார்கள். சூடேறாமல் என்ன செய்யும்?

இதைவிடக் கொடுமை ப்ளக். ஜப்பானிய ப்ளக் இரண்டு தட்டைப் பின் கொண்டது, நமது சுவரில் நுழையாது. அந்த வயரை மாற்றி, நம் வீட்டு 13 அம்பியர் மூன்று பின் ப்ளக் உள்ள வயரைக் கொடுத்திருந்தார்கள். வீடு கூட்டும்போது யாராவது கழற்றிவிட்டு நேராகச் சுவரில் செருகினால், 100 வோல்ட் கருவிக்குள் 230 வோல்ட் பாயும். கருவி அந்த நொடியே கருகலாம், தீயும் பிடிக்கலாம். பகல் முழுவதும் அந்த அறையில் தனியாக இருப்பவர் அப்பா. இதை நினைத்து இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கமில்லை.

ரிசீவரைச் செய்த கம்பனியின் உள்ளூர் முகவரிடம் தொடரிலக்கத்தைக் கொடுத்தேன். தங்கள் வழியாக வந்த சாமான் அல்ல, உத்தரவாதம் செல்லாது என்றார்கள். மூடியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே வருடக்கணக்கான தூசி. ஆணித் தலைகளில் ஏற்கெனவே கழற்றிய கீறல்கள்.

ஸ்பீக்கர் வயரிலும் ஏமாற்று. முழுச் செம்பு என்று விலை போட்டார்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் மெல்லிய செப்புப் பூச்சு. ஐந்தாறு மீற்றர் ஓட்டத்துக்கு ஒலியில் பெரிய வித்தியாசம் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செம்பின் விலையை அல்லவா வாங்கினார்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய ஒலிக்கருவிகள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பழையது, 100 வோல்ட் என்று முகத்துக்கு நேரே சொல்லி, போதிய அளவு டிரான்ஸ்போமரையும் சேர்த்து நியாயமான விலைக்குக் கொடுக்கும் கடைகள் இதே புறக்கோட்டையில் இருக்கின்றன. என் சண்டை மறைத்தவர்களோடுதான்.

கடைக்குப் போனேன். அண்ணா என்று அழைத்த அதே மனிதர், "பழைய சாமான் என்று தெரிந்துதானே வாங்கினீர்கள்" என்றார். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஏ.வி. ரிசீவர் ஒன்று, தொகை, அவ்வளவுதான். மாடல் இல்லை, தொடரிலக்கம் இல்லை, புதியது என்ற சொல்லும் இல்லை. தயவுசெய்து இந்த இடத்தில் கவனமாக இருங்கள். இந்த மூன்றையும், 230 வோல்ட் என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதித் தராத கடையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வரும் சாமானைப் பெட்டியோடு கொண்டு வரச் சொல்லுங்கள். ஒருவரும் பூட்டத் தொடங்குமுன் பின்பக்கத்தை நீங்களே படியுங்கள். அங்கே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்கச் சொல்லுங்கள்.

என்னைக் காப்பாற்றியது அந்த வாட்ஸ்அப் செய்தி. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசினேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சாமான் வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு இன்னும் ஐந்து வாரங்கள் மீதம் இருந்தன. செய்தியின் பிரதி, பற்றுச்சீட்டு, முகவரின் கடிதம், உரித்த ஸ்டிக்கரின் படங்கள் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருக்கிறேன்.

ரிசீவர் இப்போது அலுமாரிக்கு மேலே துணி சுற்றிக் கிடக்கிறது. அந்த மூன்று பின் வயரைப் படம் பிடித்துக்கொண்டு, உறையிலிட்டு முறைப்பாட்டுக் கோப்போடு பூட்டி வைத்துவிட்டேன். பழைய செட் மறுபடியும் தன் இடத்துக்கு வந்துவிட்டது. அப்பா நேற்றும் படத்தின் பாதியில் எழுந்து போனார்.