சோமா: துரத்துகிற எதிரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது

ஹாரர் கேம் விளையாடும்போது ஒரு கட்டத்துக்கு மேல் எனக்குப் பயத்தைவிடக் கேள்விதான் பெரிதாகிவிடும். இது ஏன் என்னைத் துரத்துகிறது? பிடித்து என்ன செய்யப்போகிறது? நான் வருவதற்கு முன்னால் இந்த இருட்டில் தனியாக என்ன செய்துகொண்டிருந்தது? நிறைய கேம்களில் இதற்குப் பதில் கிடையாது, அரக்கன் என்றால் துரத்தும், அவ்வளவுதான். சோமா அப்படிக் கைவிடவில்லை. இரண்டு முறை முடித்துவிட்டேன், இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விவரம். ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2015 செப்டம்பரில் பிசிக்கும் பிஎஸ்4க்கும் வெளியிட்ட கேம் இது. டொரான்டோவில் இருக்கும் சைமன் ஜாரெட், கார் விபத்தில் மூளையில் அடிபட்டவன், ஒரு புது சிகிச்சைக்காக மூளை ஸ்கேனுக்கு உட்காருகிறான். கண் திறந்தால் அட்லாண்டிக் கடலடியில் பாத்தோஸ் 2 என்ற ஸ்டேஷனில் இருக்கிறான், வருடம் 2104. அதற்கு முந்தைய வருடம் வால்நட்சத்திரம் மோதி மேலே உலகம் அழிந்துவிட்டது. கையில் ஆயுதம் கிடையாது. ஒளியலாம், ஓடலாம், கம்ப்யூட்டர்களையும் இறந்தவர்களின் கடைசிப் பதிவுகளையும் தோண்டித் தோண்டிக் கேட்கலாம். பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ஹெட்போன் போட்டு விளையாடுங்கள், பாதி பயம் சத்தத்தில்தான் இருக்கிறது. இதற்கு மேல் முழுக்க ஸ்பாய்லர், விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு முதலில் விளையாடிவிட்டு வாருங்கள்.

சரி, எதிரி யார்? ஸ்டேஷனைப் பராமரிக்க வைத்திருந்த வாவ் என்ற ஏஐ. அது கெட்டுப்போய் மனிதர்களை வெறுக்க ஆரம்பித்துவிட்டது என்று எளிதாக நினைத்துக்கொள்ளலாம், நானும் முதல் இரண்டு மணி நேரம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது செய்வதை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்துப் பார்த்தால் வெறுப்பு எங்கேயும் இல்லை. மனிதர்களைக் காப்பாற்ற வேண்டும், அது ஒன்றுதான் அதன் வேலை. மனிதன் என்றால் எது, உயிரோடு இருப்பது என்றால் எது என்பதுதான் அதற்குப் பிடிபடவில்லை. ஸ்டேஷனின் அப்சிலான் என்ற பகுதியில் கார்ல் என்ற ரோபோ தன்னை இன்னும் மனிதன் என்றே நம்பிக்கொண்டு பேசுகிறது. அதே இடத்தில் ஏமி என்ற பெண், உடம்பெல்லாம் குழாயும், வாவ் எங்கும் பரப்பியிருக்கும் கருப்பு ஜெல்லுமாக, இயந்திரம் மூச்சு கொடுக்க உயிரோடு கிடக்கிறாள். வாவைப் பொறுத்தவரை இரண்டுமே வெற்றி. இரண்டு இடத்திலும் கதை நகர வேண்டுமென்றால் மின்சாரத்தில் கைவைப்பது நாம்தான். அதை யோசித்தபோது எனக்கு உண்மையிலேயே வயிற்றைப் பிசைந்தது.

தீட்டா என்ற இன்னொரு பகுதியில் வரும் ப்ராக்ஸி என்ற அரக்கர்களையும் இப்படியே பாருங்கள். அவற்றுக்குக் கண் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் தேடும். அங்கே நடந்ததற்கெல்லாம் மூலம் ஏக்கர்ஸ் என்ற ஊழியர், ஜெல்லின் பிடியில் போய் தன் கண்களையே குத்திக்கொண்டவர். அவர் கொலைவெறியில் அலைவதாக எனக்குத் தோன்றவில்லை. தான் அனுபவித்த அந்த மயக்கம் எல்லோருக்கும் நல்லது என்று நம்பி, மற்றவர்களையும் உள்ளே இழுக்கிறார் என்பதுதான் என் புரிதல். கேம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் சொல்லாமல் விட்டதற்கும் யோசிக்காமல் விட்டதற்கும் வித்தியாசம் இருக்கிறது, இங்கே துப்புகள் எல்லாம் கிடக்கின்றன, பொறுக்கிச் சேர்ப்பதுதான் நம் வேலை.

எனக்குப் பிடித்த துப்பு ஒன்று. அரக்கனிடம் அகப்பட்டால் பெரும்பாலும் முதல் அடியில் சாக மாட்டோம், மயங்கி விழுந்து எழுந்து நொண்டிக்கொண்டு போவோம். அடிக்கடி தோற்று சலிப்படையாமல் இருக்க டெவலப்பர்கள் வைத்த வசதி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் காப்பாற்றுவதற்காக உருவான ஒன்றின் கைகள் நம்மை அடித்துவிட்டு அப்படியே விட்டுப் போகின்றன என்று பார்த்தால் அர்த்தமே மாறுகிறது. அரக்கனைப் பார்க்கும்போது திரை கலங்கிச் சிதறுவதும் இப்படித்தான். முதலில் வெறும் கிராபிக்ஸ் வித்தை என்று நினைத்தேன். சைமன் இப்போது இருப்பது ஒரு பிணத்தின் மேல் பொருத்திய மின்னணு மூளைக்குள், டைவிங் சூட்டுக்குள் என்று தெரிந்ததும், கலங்குவது திரையில்லை, அவன் பார்வையே என்று புரிந்து முதுகு சில்லிட்டது.

சைலன்ட் ஹில் 2 (2001) என்ற ஹாரர் கேமில் வரும் பிரமிட் ஹெட் என்ற அரக்கனை இதனால்தான் இன்றும் பேசுகிறார்கள். அதன் நாயகன் ஜேம்ஸின் குற்ற உணர்வுதான் அந்த உருவத்துக்குக் காரணம், தன்னைத் தண்டிக்க அவனுக்கே ஒருவன் தேவைப்பட்டான். ஜேம்ஸ் இல்லாத பிந்தைய கேம்களில் அதே உருவத்தைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, பெரிய கத்தியோடு நடக்கும் ஒரு ஆள் மட்டும்தான் மிஞ்சினான். சோமாவில் அந்தத் தவறு இல்லை, அரக்கனை வேறு கதைக்குத் தூக்கிக்கொண்டு போகவே முடியாது.

குறை இல்லையா, இருக்கிறது. சில துரத்தல்கள் ஹாரர் கேம் என்பதற்காகவே வைத்தவை போலத் தோன்றுகின்றன, முக்கியமாக அந்த மூழ்கிய கப்பலில். ஒரு கம்ப்யூட்டரில் முக்கியமான பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் யார் கவனிப்பார்கள்? 2017 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வந்தபோது சேஃப் மோட் சேர்த்தார்கள், அதில் எதிரிகள் சுற்றுவார்கள், ஆனால் கொல்ல மாட்டார்கள். இரண்டாவது முறை நான் அதில்தான் விளையாடினேன். அதுவே சரியான வழி என்று சொல்ல மாட்டேன், முதல் முறை பயந்தே ஆக வேண்டும். ஆனால் ஓடாமல் நின்று அவை என்ன செய்கின்றன என்று கவனித்தபோது, எனக்குப் பாவமாக இருந்தது.

விளக்காமல் விட்ட பெரிய விஷயம், இத்தனை பேரில் ஏன் சைமன்? எத்தனையோ அலங்கோலமான முயற்சிகளுக்கு நடுவே கிட்டத்தட்ட நூறு வருடப் பழைய ஸ்கேன் ஒன்றை எடுத்து இந்த உடம்பில் வைத்ததில்தான் வாவுக்கு ஏறக்குறைய சரியாக வந்தது. தற்செயலா, அல்லது அது கற்றுக்கொண்டே வந்ததா? கற்றுக்கொண்டது என்றால் ஆல்ஃபா என்ற பகுதியில், ஸ்டேஷனில் வேலை பார்த்த ராஸ் நம்மிடம் கேட்பது, அதாவது வாவுக்கு விஷம் வைக்கச் சொல்வது, வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த முடிவு எதுவானாலும் வழித்துணையாக வரும் கேத்தரினோடு நாம் போகும் பாதையோ கடைசிக் காட்சியோ மாறுவதில்லை. சிலருக்கு இது ஏமாற்றம், எனக்கு அதுதான் சரி. செய்ததற்குப் பலன் என்ன என்று பார்க்க யாரும் மிச்சமில்லாத இடத்தில்தானே முடிவெடுக்கிறோம்.

முதல் முறை யோசிக்காமல் விஷம் வைத்தேன். இரண்டாவது முறை கையை நீட்டவே முடியவில்லை. அடிபட்டபோதெல்லாம் சுவரில் முளைத்திருந்த அந்த ஜெல் பூவில் கைவைத்துத்தான் உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தேன், அந்தப் பூவும் வாவ்தான். அதற்கு முன்னால் டாவு என்ற பகுதியில் சாரா, கடைசி மனுஷி, தன் உயிரைத் தாங்கும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். பொத்தானுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன்.