ஆச்சிக்குச் சுகர் பார்க்க: விரலில் குத்தும் மிஷினா, கையில் ஒட்டும் சென்சாரா?

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் எங்கள் ஆச்சிக்கு இரண்டையும் வாங்கிப் பார்த்தோம். இப்போது வீட்டில் இருப்பது விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர்தான், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

சென்சார் நல்ல பொருள். மேல்கையில் ஒட்டினால் 14 நாள் விரலில் குத்த வேண்டாம், போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் சுகர் ஏறி இறங்கியதைக் கோடாகவே காட்டிவிடும். இடியாப்பமும் சொதியும் சாப்பிட்ட பிறகு அந்தக் கோடு எங்கே போகிறது என்று ஆச்சி கண்ணால் பார்த்ததும் நாலு இடியாப்பம் இரண்டானது. நாங்கள் வருஷக்கணக்காகச் சொல்லியும் நடக்காத காரியம் அது. ஆனால் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் இருக்கும் நீரில்தான் சர்க்கரையைப் பார்க்கிறது. சுகர் வேகமாக ஏறி இறங்கும்போது சில நிமிஷம் பிந்தித்தான் காட்டும். உடம்பு சொல்வதும் அது காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும். “ஏலே, குத்துனா ஒரு நிமிசம் வலி, இது ராத்திரி பூரா உறுத்துது” என்றும் ஆச்சி சொல்லிவிட்டார்.

முடிவு செய்ய வைத்தது தொடர்செலவு. சென்சார் 14 நாளில் குப்பைக்குப் போகும், வருஷம் முழுக்க ஒட்டினால் 26 வேண்டும், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். மீட்டரில் மிஷின் விலை பெரிதில்லை, காசு போவது ஒவ்வொரு தடவையும் ரத்தத் துளி வைக்கப் புதிதாகச் செருகும் ஸ்ட்ரிப்புக்குத்தான். வாரம் நாலு தடவை பார்த்தால் வருஷத்துக்கு 208, எங்களுக்கு ஒன்று இருபது ரூபாய்க்குள் வருகிறது. ஒரு கம்பெனி மிஷினுக்கு இன்னொரு கம்பெனி ஸ்ட்ரிப் சேராது. சலுகை விலையில் முதலில் வாங்கிய மிஷினுக்கு அம்பாசமுத்திரத்தில் ஸ்ட்ரிப்பே கிடைக்காமல் திருநெல்வேலி ஜங்ஷன் வரை அலைந்தோம், கடைசியில் அந்த மிஷினையே மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் மிஷினைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருக்கும் என்று பக்கத்து மருந்துக்கடையில் கேட்டுவிடுங்கள். அப்புறம் வெயில். எங்கள் ஸ்ட்ரிப் டப்பாவில் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருக்கிறது, நம்ம ஊர்ச் சித்திரையில் அது சாதாரணமாகத் தாண்டும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், மூடியை இறுக்கி வையுங்கள், ஈரம் பட்டால் ரீடிங் தப்பாகும். டப்பா திறந்த தேதியையும் அதன் மேலேயே எழுதிவிடுங்கள், திறந்த பிறகு சில மாதம்தான் கணக்கு.

ஆச்சி மாத்திரையில்தான் இருக்கிறார். தினம் பல தடவை இன்சுலின் போடுகிறவர்களுக்கும், தூக்கத்தில் சுகர் இறங்கிவிடுமோ என்ற பயம் உள்ளவர்களுக்கும் என் கணக்கு பொருந்தாது, அவர்களுக்குச் சென்சார் தேவையாகவே இருக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள். நாங்கள் சென்சாரை வைத்துப் பார்த்ததும் ஒரே ஒரு 14 நாள்தான். அடுத்த செக்கப்புக்கு முன்னால் இன்னும் ஒன்று வாங்கி ஒட்டி, அந்தக் கோட்டை டாக்டரிடம் காட்டலாம் என்றிருக்கிறோம்.