கார் செய்து பழகிய கைக்கு முதல் போர் விமானம் எது?

கார் மாடல் செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைத் தொட்டாலும் அது பளபளக்க வேண்டும். எனக்கு அது முற்றிப்போன நிலை. பல வருடங்கள் 1/24 கார்களைத் தவிர, அதாவது நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவுள்ள கார்களைத் தவிர, வேறெதையும் செய்ததில்லை. பிரைமர், கலர், கிளியர் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு, அப்புறம் 2000, 3000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது, கடைசியில் காம்பவுண்ட். ட்யூப்லைட்டின் உருவம் பானெட்டில் வளையாமல் நெளியாமல் தெரியும்வரை விடமாட்டேன். அப்படிப்பட்டவன் ஒருநாள் இரண்டாம் உலகப்போர் விமானம் ஒன்றைச் செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். தப்பான விமானத்தை எடுத்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

எது சிறந்த போர் விமானம் என்று கேட்டால் சண்டைதான் வரும். கார் செய்த கைக்கு எது முதலில் என்று கேட்டால் எனக்கு ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் மஸ்டாங், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109, பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஜப்பானின் ஜீரோ நான்கையும் அந்த ஒரு கேள்வியை வைத்து மட்டும் பார்க்கிறேன்.

அளவை முதலில் முடித்துவிடுவோம். நமக்கு 1/24 பழக்கம். விமானத்திலும் அந்த அளவு உண்டு. பிரிட்டிஷ் கிட் கம்பெனி ஏர்ஃபிக்ஸ் 1970-லேயே 1/24 ஸ்பிட்ஃபயர் போட்டது. தெரிந்த அளவுதானே என்று அதில் இறங்கிவிடாதீர்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நிஜத்தில் 11.23 மீட்டர். 1/24-இல் அது கிட்டத்தட்ட 47 செ.மீ. இரண்டு கார்களுக்கு நடுவில் சொருகி வைக்கிற சாமானில்லை அது. 1/72-இல் அதே இறக்கை 15.6 செ.மீ.தான் வரும். அழகாக இருக்கும், ஆனால் விமானி உட்காரும் காக்பிட் முழுவதும் ஒரு விரல்நகத்துக்குள் அடங்கிவிடும். கார் டேஷ்போர்டில் வேலை செய்த கண்ணுக்கு முதல் தடவையே அது எரிச்சல். 1/48-இல் 23.4 செ.மீ. நாலரை மீட்டர் கார் ஒன்று 1/24-இல் 19 செ.மீ. வருமே, ஏறக்குறைய அதே இடத்தைத்தான் இதுவும் அடைக்கும். உதிரிகள் பாதியாகச் சிறுக்கும், கை பழகிக்கொள்ளும். 1/48 எடுங்கள், விஷயம் முடிந்தது.

இனி நிஜமான வித்தியாசம். காரின் உடல் ஒரே வார்ப்பு. அதைத் தனியாகப் பெயின்ட் அடிக்கிறோம், உள்ளே சீட், டேஷ்போர்டு எல்லாம் தனியாகச் செய்கிறோம், கடைசி நாளில் மேலிருந்து கவிழ்த்து மூடுகிறோம். விமானத்தில் உடல் இடது பாதி, வலது பாதி என்று இரண்டாகத்தான் வரும். காக்பிட்டை முதலில் செய்து, பெயின்ட் அடித்து, உள்ளே வைத்து ஒட்டி மூடிவிட வேண்டும். இறக்கையையும் சேர்த்தபிறகுதான் வெளிப்பெயின்ட். வரிசையே தலைகீழ். ஒட்டியவுடன் முதுகிலும் வயிற்றிலும் தலையிலிருந்து வால்வரை ஓர் ஒட்டுக்கோடு நிற்கும். கார்க்காரர்களுக்கு வார்ப்புக்கோட்டைச் சுரண்டத் தெரியும். ஒட்டிய இரண்டு துண்டுகளை ஒரே துண்டாக்குவது அவ்வளவு பழக்கமில்லை. அதனால் முதல் விமானம் வாங்கும்போது பெட்டிப் படத்தில் பறக்கிற இறக்கையைப் பார்க்காதீர்கள். அதன் முதுகைப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. மஸ்டாங் வாங்கினேன்.

பி-51டி மஸ்டாங் கார்க்காரர்களைக் கண்ணடித்துக் கூப்பிடுகிற விமானம். பெயின்ட் அடிக்காத வெள்ளி உடல். விமானியின் தலைக்கு மேல் நீர்க்குமிழி மாதிரி கண்ணாடி மூடி, அதாவது கனோபி. பெயின்ட் படாமல் டேப் ஒட்டி மாஸ்க் பண்ண அதில் சட்டங்கள் குறைவு. சக்கரக் கால்கள் அகலமாக விரிந்து நிற்பதால் நேராக நிறுத்துவது சுலபம். வெள்ளிக்கு அடியில் பளபளப்பான கறுப்பு அடிக்க வேண்டும் என்பது வீல் ரிம்மில் எத்தனையோ தடவை செய்த வேலை. நமக்கென்றே செய்த விமானம் என்று நினைத்தேன்.

முதுகை ஒட்டினேன், புட்டி வைத்தேன், தேய்த்தேன், நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை. கறுப்பு அடித்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளி காய்ந்தபிறகு விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால், கனோபிக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு கோடு. புட்டி காயக் காயச் சுருங்கியிருக்கிறது. நகத்துக்குத் தெரியாத பள்ளம் வெளிச்சத்துக்குத் தெரிந்துவிட்டது. காரில் என்றால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, மேலே இரண்டு கோட் கலர் அடித்து, கிளியரில் மறைத்துவிடலாம். வெள்ளியில் அந்தச் சலுகை கிடையாது. தேய்த்த இடத்தில் மறுபடி அடித்தால் அது பக்கத்து வெள்ளியோடு சேராமல் தேமல் மாதிரி நிற்கும். முழு முதுகின் பெயின்ட்டையும் எடுத்துவிட்டு, கறுப்பிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று தடவை தொடங்கினேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. விமானம் என்றால் தகடுகள் சேரும் பேனல் கோடு தெரிய வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, இறக்கை முழுவதும் கோடுகளில் கறுப்பு வாஷ், அதாவது நீர்த்த கறுப்பு பெயின்ட், ஓட்டினேன். பிறகுதான் படித்தேன். மஸ்டாங்கின் இறக்கை, காற்று மேற்பரப்பில் ஒட்டினாற்போல் வழுக்கிப் போவதற்கென்று வடிவமைத்தது. அதனால் தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில் ரிவெட், இணைப்பு எல்லாவற்றையும் புட்டி வைத்து மூடி, தேய்த்து, வெள்ளி பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். வெற்று உலோகமாக விட்டது உடலை. ஒரு கார்க்காரனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிந்த வேலையை நிஜத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள், நான் மெனக்கெட்டு அதைக் கெடுத்திருக்கிறேன்!

ஆக மஸ்டாங் செய்தால் இரண்டு வெள்ளி வேண்டும்: இறக்கைக்கு மங்கலாக ஒன்று, உடலுக்கு மினுமினுப்பாக ஒன்று. இறக்கையை வழவழவென்று ஆக்குவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. முதுகுதான் கழுத்தை அறுக்கும். அதை இரண்டாவது அல்லது மூன்றாவது விமானமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசை அடங்கவில்லையென்றால், பச்சையும் சாம்பலும் அடித்த பழைய பி-51பி ஒன்றை எடுக்கலாம். கோடு தெரிந்தால் மேலே இன்னொரு கோட் அடித்துவிட்டுப் போகலாம்.

முதுகை வைத்துப் பார்த்தால் வெல்ல வேண்டியது 109. அதன் பின்னுடலை நிஜத் தொழிற்சாலையிலேயே இடது, வலது என்று இரண்டு ஓடுகளாகச் செய்து, முதுகிலும் வயிற்றிலும் இணைத்தார்கள். அதனால் கனோபிக்குப் பின்னால் மெல்லிய ஒரு கோடு மிச்சமிருந்தால் அது குறையாகாது, சரித்திரம். இது தெரியாமல் அந்தக் கோட்டைப் புட்டி போட்டு மறைத்தவர்கள் நிறையப் பேர். ஜப்பானியக் கிட் கம்பெனி டாமியா 2018-இல் போட்ட 1/48 ஜி-6 ஒட்டுவதற்கு சுகமான கிட்.

ஆனால் பெயின்ட் மேஜைக்கு வந்ததும் 109 பழிவாங்கிவிடும். உடலின் பக்கவாட்டில் வெளிர் நீலத்தின்மேல் சாம்பல் புள்ளிகள், ஓரம் கரைந்து, ஒன்றோடொன்று மேகம் மாதிரி கலந்து நிற்க வேண்டும். அதை மாஸ்கிங் டேப்பில் செய்ய முடியாது, ஸ்ப்ரே கேனில் செய்யவே முடியாது. ஏர்பிரஷை மிகக் குறைந்த காற்றில், பெயின்ட்டை நன்றாக இளக்கி, கையை மட்டும் நம்பிச் செய்ய வேண்டிய வேலை. நாம் இதுவரை ஒரே கலரைச் சீராக அடிப்பதில்தான் தேர்ச்சி பெற்றிருக்கிறோம், இது நேர் எதிர். அப்புறம் சக்கரக் கால்கள். 109-இல் அவை உடலோடு சேர்ந்தவை, குறுகலாகத் தொடங்கி வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும். இரண்டு டிகிரி பிசகினாலும் விமானம் குடித்துவிட்டு நிற்பதுபோல் இருக்கும். கண்ணாடித் தட்டில் நான்கு சக்கரமும் படிகிறதா என்று பார்க்கும் நம் வழக்கம் இங்கே பாதிதான் உதவும்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பறந்த 109எஃப்: மேலே மணல் மஞ்சள், கீழே வெளிர் நீலம், புள்ளி தொல்லை இல்லை. ஜெர்மன் விமானி மார்ஸேய் ஓட்டிய ‘மஞ்சள் 14’ அப்படிப்பட்டதுதான். நல்ல கிட் கையில் கிடைத்தால் இதுவே எனக்கு இரண்டாவது விருப்பம்.

ஸ்பிட்ஃபயரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஏர்ஃபிக்ஸின் முதல் விமான கிட்டே 1950-களில் வந்த ஸ்பிட்ஃபயர்தான். அதைவிட அழகான இறக்கை வேறெந்த விமானத்திலும் கிடையாது. ஆனால் மேல்பக்கம் மண்ணிறமும் பச்சையும் வளைந்து வளைந்து கலக்கும் மறைப்பு வண்ணம், அடியில் இறக்கையும் வயிறும் சேருகிற இடத்தில் தேய்க்கக் கை நுழையாத மூலை, குறுகலான கால்கள் என்று புதுப் பாடம் மூன்று ஒரே சமயத்தில். முதல் தடவைக்கு அது அதிகம். கார்க்காரருக்கு அதில் உள்ள ஒரே ரகசியம் உளவு ஸ்பிட்ஃபயர். 1939-இல் சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர் ஸ்பிட்ஃபயரின் துப்பாக்கிகளை எடுத்து, இடுக்குகளை அடைத்து, உடலை மினுக்கி, வேகத்தைக் கூட்டிக் கேமராவோடு அனுப்பினார். மினுக்கிய ஸ்பிட்ஃபயர், அதுவும் ஒரே கலரில்! அந்த வகை கிட் கிடைத்தால் இந்தப் பத்தியில் நான் சொன்ன மற்றதையெல்லாம் மறந்துவிடலாம்.

ஜெட் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வரி: காற்று உள்ளே போகும் குழாயின் உட்புற ஒட்டுக்கோட்டை ஒருமுறை தேய்த்துப் பார்த்தால் நீங்களே புரொப்பெல்லருக்குத் திரும்பி வந்துவிடுவீர்கள். பல ஜெட்டுகளில், மூக்குச் சக்கரம் தரையைத் தொட மூக்குக்குள் எடை வைத்து மூடவும் வேண்டும். மறந்துவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும்.

கடைசியில் ஜீரோ. என் ஓட்டு இதற்குத்தான். கவர்ச்சியில் நான்கில் இதற்குக் கடைசி இடம்தான் கொடுப்பேன், ஒத்துக்கொள்கிறேன்.

டாமியாவின் 1/48 ஜீரோ 52-ஆம் மாதிரி 2008-இல் வந்தது. மேலே கரும்பச்சை, கீழே சாம்பல், நடுவில் டேப் ஒட்டி எடுத்துவிடக்கூடிய ஓர் எல்லை. இரண்டு நிறக் கார் ஒன்றை மாஸ்க் பண்ணியவருக்கு இது தெரிந்த வேலை. ஏர்பிரஷ்கூடத் தேவையில்லை. நமக்குப் பழகிய டிஎஸ் ஸ்ப்ரே கேன்களுக்குத் தம்பியாக, விமானங்களுக்கென்றே ஏஎஸ் வரிசையை டாமியா போடுகிறது. ஜப்பானியக் கடற்படைப் பச்சையும் சாம்பலும் அதிலேயே இருக்கின்றன. முதுகுக் கோடு தெரிந்தால் தேய்த்து, பச்சையை மறுபடி அடியுங்கள். பச்சை மன்னிக்கும், வெள்ளி மன்னிக்காது. இன்னும் சுலபம் வேண்டுமென்றால் 21-ஆம் மாதிரி: உடல் முழுவதும் லேசான பழுப்பு கலந்த ஒரே சாம்பல், மூக்கு மட்டும் கருநீலமாகத் தெரியும் கறுப்பு. ஜீரோவின் பூச்சைக் கொஞ்சம் மினுமினுப்போடு விட்டாலும் தப்பாகாது என்பது நம் வியாதிக்கு ஒரு மருந்து.

இன்ஜின் பிரியர்களுக்கும் இதில் தீனி உண்டு. சாகாயே இன்ஜினில் ஏழேழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 சிலிண்டர். காரில் பானெட்டைத் திறந்து வயர் இழுத்துப் பழகியவர், மூக்குக் கூட்டின் முன்வாய் வழியாகத் தெரிகிற அந்த முதல் வரிசைக்கு மெல்லிய கம்பி வைக்காமல் தூங்கமாட்டார். கால்களும் மஸ்டாங் போலவே அகலம்.

ஜீரோவின் தண்டனை கனோபி. கண்ணாடித் தோட்டம் மாதிரி சட்டத்துக்கு மேல் சட்டம். ஆனால் விண்ட்ஷீல்டைச் சுற்றிக் கறுப்பு ரப்பரை ஒரு மில்லிமீட்டர் டேப்பில் எடுத்தவர்களுக்கு இது நீளமான வேலை, அவ்வளவே. அளவாக வெட்டிய மாஸ்க் தாள்களும் தனியாகக் கிடைக்கின்றன. ஒரு சின்னத் தந்திரம்: சட்டங்களில் முதலில் காக்பிட்டின் உட்பக்கப் பச்சையை அடியுங்கள், அது காய்ந்தபின் வெளிப்பச்சையை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தால் சட்டம் உள்நிறத்தில் தெரியும். கண்ணாடியை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம், புகை படிந்துவிடும். வெள்ளைப் பசை போதும்.

இறக்கையில் பெரிய சிவப்பு வட்டங்கள். கிட்டில் அதற்கு டெக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம், இருக்கும், ஆனால் அவ்வளவு பெரிய டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கினால் வெள்ளி வெள்ளியாகத் தெரியும். பளபளப்பான கிளியர் அடித்துவிட்டு அதன்மேல் ஒட்டினால் சிக்காது. மற்ற விமானக்காரர்களுக்குச் சலிப்பூட்டுகிற இந்தக் கட்டம் நமக்கு சொந்த வீடு. ரேஸ் காரில் நம்பர் வட்டத்தை மாஸ்க் வெட்டி அடித்தவராக இருந்தால் டெக்காலையே தூக்கிப் போட்டுவிட்டு வட்டத்தை ஸ்ப்ரே பண்ணிவிடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

அதன்பிறகு வருகிறது நம்மை நிஜமாகவே சோதிக்கிற நொடி. இவ்வளவு நேரம் கண்ணாடியாக மின்னியதன்மேல் மேட் கிளியர் அடிக்க வேண்டும். கேனைக் குலுக்கிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா நின்றேன். முழு மேட் போட மனசு வரவில்லை, செமி-கிளாஸ் அடித்தேன். முதல் கோட் விழுந்ததும் பச்சை தணிந்து, அளவும் பெரிதானதுபோல் தெரிந்தது. பொம்மைக்களை போய்விட்டது.

இப்போது ஜீரோ கண்மட்டத்தில் இரண்டு கார்களுக்கு நடுவில் நிற்கிறது. மஸ்டாங்கை அலமாரியின் உச்சித் தட்டில் வைத்திருக்கிறேன். அங்கே வைத்தால் யாருக்கும் அதன் வயிறு மட்டும்தான் தெரியும்.